பக்கத்து வீட்டில் தேர்தல் வந்தால் நம் வாசலில் ரயில் ஏன் நிற்கிறது?

அட்மிரல்டி வாசகி
13 செப்டம்பர் 2025, காலை 7.52

சிங்கப்பூர்-கோலாலம்பூர் அதிவேக ரயில் 2026ல் ஓடியிருக்க வேண்டும். தண்டவாளமே போடவில்லை. ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 டிசம்பருக்குள் ஓடும் என்கிறார்கள், தூண்களும் பாலமும் கண்ணெதிரே நிற்கின்றன. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவை அதே இரண்டு நாடுகள், சிங்கப்பூரும் மலேசியாவும். ஒன்று ஏன் பிழைத்தது, ஒன்று ஏன் செத்தது? கேட்டால் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: இரண்டு முறை மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அண்டை நாட்டு உறவு என்பது கடைசியில் தலைவரின் குணம். ஆள் மாறினால் கொள்கை மாறும். இல்லை என்பவர்கள் விவரத்தோடு சொல்லுங்கள்.

கரையோரம்
13 செப்டம்பர், காலை 9.15

குணம்தான் காரணம் என்றால் அதே ஆள் எப்போதும் அதே மாதிரி நடந்திருக்க வேண்டும். தண்ணீர் விலையில் அப்படி நடக்கவில்லை.

1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் ஓடும் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென் (100 சென் ஒரு ரிங்கிட்). அதில் 2 விழுக்காடு வரை சுத்திகரித்த நீராக ஜோகூர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு. 25 ஆண்டு கழித்து விலையை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒரு விதி உண்டு. 25 ஆண்டு முடிந்தது 1987ல். அப்போதும் பிரதமர் மகாதீர்தான். கேட்கவில்லை. 2018ல் திரும்பப் பிரதமரானதும் அதே 3 சென்னைத்தான் கையில் எடுத்தார்.

1987ல் ஏன் கேட்கவில்லை? அவரே பின்னாளில் சொன்ன காரணம் இது: சுத்திகரிக்காத ஆற்று நீரின் விலையை ஏற்றினால் ஜோகூர் திரும்ப வாங்கும் சுத்த நீரின் விலையும் ஏறும். அதாவது முதல் வலி ஜோகூர் வீடுகளுக்கு. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன், இது என் ஊகம் மட்டுமே: அதே 1987 ஏப்ரலில் அவருடைய ஆளும் கட்சியான அம்னோவின் தலைவர் தேர்தலில் தெங்கு ரசாலியை 761க்கு 718 என்று வெறும் 43 வாக்கில்தான் அவர் முந்தினார். கட்சி இரண்டாக உடையும் நேரத்தில் அம்னோவின் தாய்வீடான ஜோகூரில் தண்ணீர்க் கட்டணத்தில் கைவைக்க யாருக்குத் துணிவு வரும்?

ஆகவே குணத்தைப் பார்க்காதீர்கள், வீட்டில் யாருக்கு வலிக்கும் என்று பாருங்கள். ஒரு நாட்டுக்கு வேண்டியது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. எப்போது கேட்பது, என்ன விலைக்கு விட்டுக்கொடுப்பது என்பதைத்தான் உள்ளூர் அரசியல் மாற்றுகிறது.

அதிவேக ரயிலும் அப்படித்தான். 2018 மே 9ல் மலேசியாவில் அம்னோ கூட்டணியின் 61 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது. புதிய அரசு ஜூன் 1 முதல் ஜிஎஸ்டியைப் பூஜ்யமாக்கியது. வருமானம் போனது, கடனைக் குறைப்போம் என்றும் வாக்குக் கொடுத்தாயிற்று. வெட்டுவதற்குக் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மரம் ரயில். மே 28ல் ரத்து செய்துவிட்டார்கள்.

சட்டக்குறிப்பு
13 செப்டம்பர், நண்பகல் 12.30

கடைசி வரி தவறு. மே 28ல் ரத்து செய்யப்போவதாக அறிவித்தார்கள், அவ்வளவே. ரத்து செய்யவில்லை. இந்த வித்தியாசம்தான் இந்த இழையின் உயிர்.

நடந்த வரிசை இது. 2016 டிசம்பர் 13ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 350 கிலோமீட்டர், 90 நிமிடப் பயணம். விலகினால் மற்றவர் அதுவரை செலவிட்டதைக் கொடுக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அறிவிப்பு வந்த பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். குரல் இறங்கியது. 2018 செப்டம்பர் 5ல் 2020 மே 31 வரை ஒத்திவைப்பு என்று முடிவானது, அதற்கு மலேசியா 1.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி கட்டியது. பிறகு கோவிட், இன்னொரு நீட்டிப்பு, 2020 டிசம்பர் 31 வரை. அன்று கெடு முடிந்து ஒப்பந்தம் காலாவதியானது. மலேசியா சிங்கப்பூருக்குக் கொடுத்த இழப்பீடு 10.28 கோடி வெள்ளி.

இடையில் முறிந்த இடம் எது என்பதும் முக்கியம். பணம் அல்ல. ரயில் பெட்டிகளையும் தடக் கருவிகளையும் வாங்கிப் பராமரிக்க ஒரு பொது நிறுவனம், அதை இரு நாடும் சேர்ந்து அனைத்துலக ஏலத்தில் தேர்ந்தெடுப்பது என்று இருந்தது. செலவைக் குறைக்க மலேசியா அந்த நிறுவனத்தையே எடுத்துவிடச் சொன்னது. சிங்கப்பூர் ஒத்துக்கொள்ளவில்லை. நடுநிலையான ஆள் இல்லாவிட்டால் பழுது வந்தால் யார் பொறுப்பு, யாருக்குச் சாதகமாக முடிவெடுப்பார்கள் என்பதற்குப் பதில் இல்லை.

கரையோரம்
13 செப்டம்பர், இரவு 10.05

திருத்தத்தை ஏற்கிறேன். ஒருவேளை விலகும் விலை எழுதாமல் இருந்திருந்தால் 2018 மே மாதமே முடிந்திருக்கும். எழுதியிருந்ததால் இரண்டரை ஆண்டு இழுத்தது. ஆனாலும் செத்தது.

இப்போது ஆர்டிஎஸ். இதுவும் 2018ல் தோற்ற பிரதமர் நஜிப் காலத்துக் கையெழுத்து, 2018 ஜனவரி 16. இதையும் புதிய அரசு 2019 ஏப்ரலில் நிறுத்தியது, அதற்கும் 6 லட்சம் வெள்ளிக்கு மேல் கட்டியது. பிறகு 2019 அக்டோபர் 31ல், செலவை 36 விழுக்காடு குறைத்துத் தொடரலாம் என்றார்கள். 493 கோடி ரிங்கிட் 316 கோடியானது. எப்படிக் குறைத்தார்கள்? சிங்கப்பூர் நகர ரயிலான நம் எம்ஆர்டி வகைக்குப் பதில் இலகு ரயில். மண்டாயில் வரவேண்டிய பணிமனை ஜோகூரின் வாடி ஹானாவுக்குப் போனது. 2020 ஜூலை 30ல், சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நடுவிலேயே புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

4 கிலோமீட்டர்தான். ஒரு திசைக்கு மணிக்கு 10,000 பேர். ஜோகூர் பக்கத்துப் புக்கிட் சாகாரில் ஏறும்போதே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும், உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி நேராக நடக்கலாம். காலை நாலு மணிக்கு எழுந்து கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிளில் நிற்பவர் ஜோகூர் வாக்காளர். அவரை எந்தக் கட்சியும் பகைத்துக்கொள்ள முடியாது. அதிவேக ரயிலுக்கு அப்படித் தினமும் காத்துக் கிடக்கும் வாக்காளர் இல்லை. அதன் பயணி எப்போதாவது போகிறவர், விமானமும் பேருந்தும் அவருக்கு உண்டு.

அட்மிரல்டி வாசகி
14 செப்டம்பர், காலை 8.20

அப்படியானால் 2020ல் இரண்டையும் முடிவு செய்தவர் அப்போதைய மலேசியப் பிரதமர் முகைதீன். அவர் ஜோகூர்க்காரர், அங்கே மந்திரி பெசாராக, அதாவது மாநில முதல்வராக, இருந்தவர். அதிவேக ரயிலும் ஜோகூர் வழியாகத்தான் வந்தது. ஜோகூர்க்காரர் ஜோகூர் ரயிலை ஏன் விட்டார்?

கரையோரம்
14 செப்டம்பர், காலை 9.40

நல்ல பிடி. ஜோகூர் வாக்காளர் என்ற என் காரணம் பாதிதான். முகைதீனுக்கு அப்போது நாடாளுமன்றத்தில் மயிரிழைப் பெரும்பான்மை, கொரோனா செலவு வேறு. 4 கிலோமீட்டரைக் காட்டி வேலையை முடிக்கலாம், 350 கிலோமீட்டருக்குக் கடன் வாங்க முடியாது. இந்த இடத்தில் திட்டத்தின் அளவும் ஒரு காரணம் என்று சேர்த்துக்கொள்கிறேன்: ஒரே ஆட்சிக்காலத்துக்குள் முடிக்கக்கூடியதா என்பது. நாலு பிரதமர்களைத் தாண்டி வர வேண்டிய திட்டத்துக்கு ஆயுள் குறைவு. 2018 முதல் 2022 வரை மலேசியாவில் நஜிப், மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார் என்று ஐந்து பேரைப் பார்த்துவிட்டோம்.

சட்டக்குறிப்பு
14 செப்டம்பர், மாலை 6.10

கோணல் பாலத்தை யாரும் தொடவில்லையே. குணமா, கணக்கா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரே கட்சி, ஒரே கூட்டணி, அடுத்தடுத்து இரண்டு பிரதமர்கள்.

ஏன் கோணல் என்று தெரியாதவர்களுக்கு: கடற்பாலம் தாழ்வானது, கப்பல் போக முடியாது. மலேசியா தன் பாதியை மட்டும் இடித்துவிட்டு உயரமான பாலம் கட்ட நினைத்தது. ஆனால் எல்லைக்கோட்டில் நம் பாதி பழைய உயரத்தில் இருக்கும். கரையிலிருந்து ஏறி, கப்பல் போகும் உயரத்தைத் தொட்டு, எல்லைக்குள் இறங்கிவர நேர்க்கோட்டில் தூரம் போதாது, சரிவு செங்குத்தாகிவிடும். தூரத்தை நீட்டத்தான் வளைத்தார்கள்.

நேரான பாலமே கட்டலாம், ஆனால் பதிலுக்கு மணலும் ஜோகூர் வான்பரப்பில் நம் ஆகாயப் படைக்கு அனுமதியும் வேண்டும் என்றது சிங்கப்பூர். மகாதீருக்குப் பின் வந்த அப்துல்லா படாவி பேசிப் பார்த்தார். "மண்ணை விற்கிறார்" என்று ஜோகூரில் குரல் எழுந்தது. 2006 ஏப்ரலில் பாலத்தையே கைவிட்டார். மக்கள் மணலையும் வான்பரப்பையும் கொடுக்க விரும்பவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். அதற்காக மகாதீர் அவரை விடாமல் சாடினார். சிங்கப்பூரோடு சுமுகமாக இருக்க விரும்பியவர், சிங்கப்பூர் கேட்டதைக் கொடுக்க முடியாமல் நின்றார். குணம் நல்லதாக இருந்தும் உதவவில்லை.

தேக்கா மண்டி
15 செப்டம்பர், அதிகாலை 4.35

ரயில், பாலம்னு பேசறீங்க. அதெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சங்கதி. வெங்காயத்தைப் பாருங்க, இந்தியாவோட உள்ளூர் அரசியல் மாசாமாசம் நம்ம கடைக்கு வருது.

2023 ஆகஸ்ட் 19: ஏற்றுமதி வரி 40 விழுக்காடு. அக்டோபர் கடைசி: டன்னுக்குக் குறைஞ்சபட்ச விலை 800 அமெரிக்க டாலர். டிசம்பர் 8: மொத்தத் தடை, மார்ச் 31 வரைக்கும்னு சொன்னாங்க, அப்புறம் நீட்டினாங்க. 2024 மே 4: தடை நீக்கம், ஆனா குறைஞ்சபட்ச விலை 550, அதுக்கு மேல 40 விழுக்காடு வரி. 550க்கு வரி 220, ஆக 770 டாலருக்குக் குறைஞ்சு ஒரு டன் வெளிய வராது. செப்டம்பர் 13: குறைஞ்சபட்ச விலை போச்சு, வரி 20. 2025 ஏப்ரல் 1: வரியும் போச்சு.

இந்தத் தேதிகளை வானிலையோட ஒட்டிப் பார்த்தா பாதிதான் புரியும். தேர்தலோட ஒட்டிப் பாருங்க. 2023 கடைசியில அஞ்சு மாநிலத் தேர்தல், அப்புறம் மக்களவைத் தேர்தல். நகரத்துல விலை ஏறக்கூடாது. 1998ல டெல்லி ஆட்சியையே வெங்காய விலை கவிழ்த்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா நாசிக் பக்கம் வெங்காயம் போடற விவசாயி தடையால நொந்து போயிட்டார். நாசிக், திண்டோரி தொகுதிகளுக்கு வாக்குப்பதிவு மே 20. தடை நீங்கினது மே 4. ரெண்டு தொகுதியிலயும் ஆளும் கூட்டணி தோத்துச்சு. மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தல் நவம்பர் 20, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வரியைப் பாதியாக்கினாங்க.

இறக்குமதி பண்றவங்க கவனிக்க வேண்டியது இது. இந்தியத் தடை அறிவிப்பு வந்த அன்னிக்கே அமல். எந்தக் கன்டெய்னர் தப்பும்னு அறிவிப்போட அடியிலேயே எழுதியிருப்பாங்க. 2023 டிசம்பர்ல மூணு வகை தப்பிச்சுது: அறிவிப்புக்கு முன்னாடியே கப்பல்ல ஏத்த ஆரம்பிச்ச சரக்கு, ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கற ஏற்றுமதிப் படிவம்) போட்டு, கப்பலும் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தா அந்தச் சரக்கு, சுங்கத்துகிட்ட ஒப்படைச்சுப் பதிவான சரக்கு. பணம் கட்டியாச்சு, லாரி துறைமுக வாசல்ல நிக்குது, அதெல்லாம் கணக்கில்ல. அதனால தேர்தல் அட்டவணை வெளியானதும் பெரிய ஆர்டரை ஒரே கப்பல்ல போடாம ரெண்டு மூணாப் பிரிச்சு, ஷிப்பிங் பில்லை சீக்கிரம் போடச் சொல்றதுதான் ஒரே பாதுகாப்பு. மாத்துச் சரக்கா பாகிஸ்தான், எகிப்து, சீன வெங்காயம் வரும். சீன வெங்காயத்துல தண்ணி அதிகம், வதக்கினா பொன்னிறமாக நேரம் பிடிக்கும், பிரியாணிக் கடைக்காரங்க முதல்ல திட்டறது அதைத்தான்.

கரையோரம்
15 செப்டம்பர், காலை 8.50

மண்டி அண்ணன் சொன்னதில் ஒரு நுணுக்கம். இந்தியா யாரையும் குறிவைத்துத் தடுக்கவில்லை. சிங்கப்பூர் மேல் கோபமும் இல்லை. உள்ளூரில் விலை, அவ்வளவுதான். அண்டை அயலார் அடிபடுவது பக்கவிளைவு. இந்த வகையில் பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு. 2023 ஜூலை 20ல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்தது. ஆகஸ்ட் 30ல் பூட்டானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரிஷியஸுக்கு 14,000 டன் என்று விலக்குக் கொடுத்தார்கள். 50,000 டன்னால் டெல்லியில் அரிசி விலை அசையாது, நமக்கு அது பெரிய அளவு. கொடுப்பவருக்கு வீட்டில் வலிக்காத அளவாகக் கேட்பதுதான் வித்தை.

அதுவரை தாக்குப்பிடிக்க இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. சிங்கப்பூரின் அரிசிக் கையிருப்புத் திட்டத்தின் கீழ் வரும் அரிசியை இறக்குபவர் தன் மாத இறக்குமதியைப் போல் இருமடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். தடைக்கும் விலக்குக்கும் நடுவே இருந்தது ஆறு வாரம். கையிருப்பு இரண்டு மாதம். கணக்குப் பொருந்துகிறது.

கோழிக்கு அப்படி முடியாது. 2022 ஜூன் 1ல் மலேசியா மாதம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது உயிர்க்கோழியை யாரும் இரண்டு மாதம் அடைத்துவைத்திருக்க முடியவில்லை. நம் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பண்ணைக்கோழி திரும்ப வர அக்டோபர் 11 ஆனது.

சட்டக்குறிப்பு
17 செப்டம்பர், இரவு 9.25

கரையோரம் முதலில் சொன்ன ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. "ஒரு நாட்டுக்கு வேண்டியது மாறுவதில்லை, நேரமும் விலையும்தான் மாறும்." தாய்லாந்தைப் பாருங்கள்.

பிரியா விகார் கோயில் கம்போடியாவுடையது என்று 1962ல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய்லாந்து கோயிலை விட்டு விலகியது. கம்போடியப் போர் ஓய்ந்திருந்த காலங்களில் அது வெறும் சுற்றுலாத் தலம், தாய்லாந்துப் பக்கமிருந்து படியேறிப் போவார்கள். 2008 ஜூன் 18ல் தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் நொப்படோன், கோயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் கம்போடியா சேர்ப்பதை ஆதரித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். அரசை வீழ்த்தத் தெருவில் இறங்கியிருந்த மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு அது லட்டு மாதிரி. நாட்டை விற்றார்கள் என்றார்கள். அந்தக் கூட்டறிக்கைக்கு 190ஆம் பிரிவின்படி நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. அமைச்சர் பதவி விலகினார். அந்தப் பக்கம் கம்போடியாவில் ஜூலை 27 பொதுத் தேர்தல், பிரதமர் ஹுன் சென்னும் இறங்கிவர முடியாது. இரு பக்கமும் படை வந்தது. 2011ல் பீரங்கிச் சண்டை.

2025ல் நடந்தது இன்னும் கூர்மை. ஜூன் 15ல் தாய்லாந்துப் பிரதமர் பேதொங்தான், அப்போது கம்போடிய செனட் தலைவராக இருந்த ஹுன் சென்னிடம் தொலைபேசியில் பேசியது 18ஆம் தேதி வெளியானது. அவரை மாமா என்று அழைத்து, தன் நாட்டு இரண்டாம் படைப்பிரிவுத் தளபதியை எதிரணி ஆள் போலப் பேசியிருந்தார். அன்று இரவே 69 இடம் வைத்திருந்த பூம்ஜாய்தாய் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. ஜூலை 1ல் பதவி இடைநிறுத்தம். ஜூலை 24ல் சண்டை. 28ல் புத்ராஜெயாவில் அன்வார் முன்னிலையில் சண்டை நிறுத்தம். ஆகஸ்ட் 29ல் பதவி நீக்கம். செப்டம்பரில் பிரதமரானவர் அனுதின், அதே பூம்ஜாய்தாய் தலைவர். அந்தக் கட்சியின் கோட்டை புரிராம், கம்போடிய எல்லை மாநிலம். நாலு மாதத்தில் நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக ஒப்புக்கொண்டுதான் ஆதரவு பெற்றார். தேர்தலை வைத்துக்கொண்டு எல்லையில் ஒரு அங்குலம் நகர்வாரா?

கரையோரம்
18 செப்டம்பர், காலை 7.30

இரண்டு நாள் யோசித்த விஷயத்தை நேற்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். என் முதல் குறிப்பின் அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். அரிசி, தண்ணீர், ரயில் போல அளந்து விலை பேசக்கூடிய பொருளில் என் வரி நிற்கும். நிலமும் கோயிலும் வந்தால் நிற்காது. 3 சென்னுக்கும் 50 சென்னுக்கும் நடுவே ஒரு விலை இருக்கிறது. கோயில் யாருடையது என்பதற்கு நடுவே ஒன்றும் இல்லை. அங்கே உள்ளூர் அரசியல்தான் ஆசையையே உண்டாக்குகிறது.

ஒரு விவரம் மட்டும். அந்த எல்லையில் கம்போடியா வைத்திருப்பது பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த 1:200,000 வரைபடம். தாய்லாந்து வைத்திருப்பது 1:50,000. முன்னதில் ஒரு மில்லிமீட்டர் தடித்த கோடு தரையில் 200 மீட்டர். 

நீரிணை
18 செப்டம்பர், இரவு 11.15

தமிழில் இதைப் பேசிவிட்டுப் பாக் நீரிணையைத் தொடாமல் போவது எப்படி? 1974லும் 1976லும் எல்லை வகுத்தாயிற்று. ஆனால் கச்சத்தீவு ஒவ்வொரு தேர்தலிலும் எழுந்து வரும். 2024 மார்ச்சில் பிரதமர் மோடியே எடுத்தார், தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. தேர்தல் முடிந்தது, பேச்சும் அடங்கியது.

ஆனால் மீனவர் பிரச்சினை கச்சத்தீவால் வரவில்லை. இழுவைமடியால் வருகிறது. விசைப்படகு கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை அது. இலங்கை 2017ல் அதைச் சட்டப்படி தடை செய்தது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள். போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள், திரும்ப வந்தபோது வலைகளை இராமேசுவரத்து விசைப்படகு அறுத்துக்கொண்டு போனது. இரு கரையிலும் தமிழர்தான். டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவே இதை வெறும் கைது, விடுதலை என்று பேசினால் அந்த வடக்கு மீனவர் குரல் எங்கும் கேட்காது.

இந்தியா 2017ல் ஒரு திட்டம் போட்டது: 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் சூரை பிடிக்கும் படகுகள். ஒன்றின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 விழுக்காடு, மாநிலம் 20, மீனவர் 10, வங்கிக் கடன் 20. கணக்கு அழகாக இருக்கிறது. ஓடாததற்குக் காரணம் தொழில். இழுவைப் படகு மாலையில் போய் மறுநாள் காலை திரும்பும், அன்றே கூலி. ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், டீசலும் ஐஸும் முன்பணம், தூண்டில் தொழில் வேறு வித்தை. 16 லட்சம் ரூபாய் வங்கிக் கடனோடு அதைக் கற்றுக்கொள் என்றால் எத்தனை பேர் போவார்கள்? மாறாமல் இருப்பவரை எந்தக் கட்சியும் கடிந்து பேசாது, ஏனென்றால் அவர் வாக்காளர். மறுகரை மீனவருக்குத் தமிழ்நாட்டில் வாக்கு இல்லை.

அட்மிரல்டி வாசகி
19 செப்டம்பர், காலை 8.05

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். எல்லாம் அடுத்தவர் வீட்டுக் கதையாகவே இருக்கிறது. சிங்கப்பூருக்கு உள்ளூர் அரசியல் இல்லையா?

கரையோரம்
19 செப்டம்பர், நண்பகல் 1.10

உண்டு. தேர்தல் சத்தமாக வராது, மக்கள்தொகையாக வரும். சீனாவோடு மலேசியா 1974லும் பிலிப்பீன்ஸும் தாய்லாந்தும் 1975லும் தூதரக உறவு வைத்தன. சிங்கப்பூர் வைத்தது 1990 அக்டோபர் 3ல். இந்தோனேசியா மீண்டும் உறவு தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 8ல். அதற்குப் பிறகே நாங்கள் என்று சிங்கப்பூர் வேண்டுமென்றே காத்திருந்தது. நாலில் மூன்று பேர் சீனர் வாழும் தீவு, முந்திக்கொண்டு போனால் "மூன்றாவது சீனா" என்று பெயர் விழும். ஜகார்த்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் அது ஆகாது, இங்கே இருக்கும் மலாய்க்காரருக்கும் இந்தியருக்கும் ஆகாது. வணிகம் மட்டும் அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது.

சட்டக்குறிப்பு
19 செப்டம்பர், மாலை 7.45

பெட்ரா பிராங்கா பற்றி ஒரு பத்தி. அந்தச் சிறு தீவு சிங்கப்பூருடையது என்று 2008 மே 23ல் அனைத்துலக நீதிமன்றத்தின் தீர்ப்பு. 2017ல் மலேசியா மறுஆய்வு கேட்டது, 2018 மே மாதக் கடைசியில், புதிய அரசு வந்த சில நாளில், திரும்பப் பெற்றது. ஏன் பெற்றார்கள் என்று விசாரிக்க 2024ல் அரச ஆணையம் அமைத்தார்கள், அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அறிக்கை மகாதீர் மேல் குற்றவியல் விசாரணை நடத்தலாம் என்றது. பார்த்தால் நம் தீவுக்கு ஆபத்து போலத் தெரியும். இல்லை. மறுஆய்வு கேட்கத் தீர்ப்பிலிருந்து பத்து ஆண்டுதான் காலம், அது 2018லேயே முடிந்துவிட்டது. சண்டை முழுக்க அவர்கள் வீட்டுக்குள்.

தேக்கா மண்டி
20 செப்டம்பர், அதிகாலை 4.50

அப்போ 2061ல தண்ணி ஒப்பந்தம் முடியறப்போ யாரைப் பார்க்கணும், கோலாலம்பூரையா ஜோகூரையா?

கரையோரம்
20 செப்டம்பர், காலை 9.20

ஜோகூரை. நிலமும் ஆறும் அங்கே மாநில அதிகாரம். 1962ல் கையெழுத்திட்டதே ஜோகூர் மாநில அரசும் சிங்கப்பூர் நகர மன்றமும்தான். 1965 பிரிவினை ஒப்பந்தத்தில்தான் மலேசிய அரசு அதற்கு உத்தரவாதம் கொடுத்தது.

லிங்கியூ நீர்த்தேக்கத்தையும் பார்க்க வேண்டும். 1990 ஒப்பந்தத்தின்படி நாம் கட்டியது, நிலத்துக்கு இழப்பீடாக 32 கோடி ரிங்கிட் கொடுத்தோம். வறட்சியில் அதிலிருந்து நீர் விட்டால்தான் ஜோகூர் ஆற்றில் கீழே கடலின் உப்பு ஏறாமல் இருக்கும், ஏறினால் ஆலையால் எடுக்க முடியாது. 2016 அக்டோபரில் அதன் மட்டம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. தாளில் 250 மில்லியன் கேலன் இருந்தது, ஆற்றில் இல்லை. ஜோகூரின் சொந்தத் தேவை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. மாநிலத் தேர்தலில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற பேச்சு எந்த ஊரில் எழுகிறது என்பதைக் கவனியுங்கள், 3 சென் பற்றிய மேடைப் பேச்சைவிட அது அதிகம் சொல்லும்.

முதல் குறிப்புக்கு ஒரு திருத்தமும் இருக்கிறது. 2 விழுக்காடு என்றால் நாளுக்கு 5 மில்லியன் கேலன். நடைமுறையில் ஜோகூர் கேட்டுக்கொண்டதால் சிங்கப்பூர் கொடுத்துவருவது 16 மில்லியன், அதே 50 சென்னுக்கு. சுத்திகரிக்க ஆகும் செலவு 2 ரிங்கிட் 40 சென் என்று சிங்கப்பூர் சொல்கிறது.